பட்டனுக்கு ஓர் அக்கா

இஸ்திரிக்காரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். காலர் மடிப்பைக் குறை சொன்ன ஒருவரின் சட்டையை அவர் கண்ணெதிரிலேயே கசக்கிக் கையில் கொடுத்து அனுப்பியவள் அவள். ஆனால் போர் தொடங்கிய வருஷம் அவளுக்கு வாயெல்லாம் பல். பின்னே? ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் எல்லைக்கு அள்ளிக்கொண்டு போகும்போது, தன் ஒரே மகனுக்கு மட்டும் பட்டாளத்தில் நாற்காலி வேலை கிடைத்தால் எந்தத் தாய்தான் சிரிக்க மாட்டாள்?

முந்தைய போரில் அவள் புருஷன் பட்டாளத்து லாரி ஓட்டினான். பெட்டியாகத் திரும்பி வந்தான். திறக்கக் கூடாது என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போது மகன் வயிற்றில். எக்காரணம் கொண்டும் இவன் துப்பாக்கி தூக்கக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

துப்பாக்கி தூக்கவும் இல்லைதான். எந்நேரமும் வீடியோ கேம் பொத்தானை அழுத்திக்கொண்டே கிடந்ததால் தெருவில் அவனுக்குப் பட்டன் என்று பெயர். அந்த விரல் வேகத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்களாம். ஊருக்கு வெளியே ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம். ஏசி அறையில் உட்கார்ந்தபடி, எல்லைக்கு அப்பால் பறக்கும் ட்ரோனைத் திரையில் பார்த்து ஓட்ட வேண்டும். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு.

"என் புள்ள சண்டைக்குப் போயிட்டுச் சாப்பாட்டுக்கு வந்துடுவான்" என்று பக்கத்துக் கடைத் தையல்காரியிடம் பீற்றிக்கொண்டாள். 

அந்தச் சாப்பாடுதான் முதலில் குறைந்தது. பிறகு பேச்சு. ஒரு நாள் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "மழை வருது, அக்கா இன்னும் துணி எடுக்கல" என்று தனக்குத்தானே சொன்னான். அம்மாவுக்குப் பக்கென்றது.

"யாருடா அந்த அக்கா? என் காதுல பூ சுத்தாத. கல்யாணம் ஆனவளா?"

பல நாளைக்குப் பிறகு அவன் சிரித்தான். "ஆனவங்கதாம்மா. ஒரு பாப்பா இருக்கு."

"அடப்பாவி! எந்தத் தெருடா?"

"தெருப் பேரெல்லாம் தெரியாது. மூஞ்சிய கூட பார்த்ததில்ல. மேலேருந்து பார்த்தா தலை வகிடு மட்டுந்தான் தெரியும்."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மாசக்கணக்கில் அந்தத் திரையில் ஒரே வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பெண்ணின் கொழுந்தன் எதிரிப் படையில் பெரிய ஆள். என்றைக்காவது அந்த வீட்டுக்கு வருவான், வந்தால் குண்டு போட்டு அடிக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களை ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். இவனுக்கு நா எழவில்லை. வயதில் பெரியவர்களை முறை சொல்லிக் கூப்பிடாவிட்டால் வாயிலேயே போடுவேன் என்று வளர்த்தவள் அல்லவா அம்மா! "அக்கா உள்ள போறாங்க சார்" என்று சொல்லித் தொலைத்தான். "இங்க அக்கா தங்கச்சி எவளும் கிடையாது" என்று அதிகாரி நாற்காலியை உதைத்தாராம்.

"நான் இனிமே போகலம்மா" என்றான். 

அவள் அவன் தலையைத் தடவினாள். "நீ போகலேன்னா அந்த நாற்காலியில வேற எவனாவது உட்காருவான். அவனுக்கு அவ அக்கா இல்லடா. நீ இருந்தா, அவ வெளிய போற நேரம் பார்த்துச் செய்வ. போ சாமி." பெற்றவள் வாயால் சொல்லி அனுப்பினாள். 

அதிலிருந்து தினமும் பஸ் வந்ததும் அதே கேள்விதான். "அக்கா நல்லாருக்காளா? கொழுந்தன் வந்தானா?" வரவில்லை என்றால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். பாப்பா தவழ ஆரம்பித்ததும் அவளுக்குத் தெரியும், வாசலில் விழுந்ததும் தெரியும். எதிரி வீட்டுக் குழந்தைக்கு இவள் இங்கே பதறினாள். சமாதானப் பேச்சு நடப்பதாக ரேடியோ சொன்னபோது, பெட்டியை வைத்த சட்டையை மறந்து நின்று, அதன் முதுகில் பெரிய ஓட்டை போட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கையெழுத்தாம். "பல்லைக் கடிச்சிக்கிட்டு இருடா, முடிஞ்சிடும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தெருவே ஆடியது. வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டே போயின. தையல்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "உன் புள்ள மேல ஒரு கீறல் கூட படல. கொடுத்து வச்சவடி நீ!"

அன்றைக்கு மகன் சீக்கிரமே பஸ்ஸிலிருந்து இறங்கினான். அம்மாவின் முகமே கேட்டது.

"காலையில கொழுந்தன் வந்தாரும்மா. கையெழுத்துக்கு முன்னால எல்லாத்தையும் முடிச்சிடணும்னு உத்தரவு. அக்கா தண்ணிக்குக் கிளம்பினாங்க. அதான் சமயம்னு நெனச்சேன். பாப்பா அழுதுச்சோ என்னவோ, பாதி வழியில திரும்பி உள்ள ஓடிட்டாங்க."

"நீயாடா?"

"அழுத்தினதுக்கப்புறம்தாம்மா ஓடினாங்க. நிறுத்த முடியல."

நாசமாய்ப் போகிற உலகம்! அரை நாள் பொறுத்திருந்தால் அந்தப் பெண் இந்நேரம் குடத்தை இறக்கி வைத்திருப்பாள். கையெழுத்துப் போட்டவர்கள் கைகுலுக்கிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள்.

கடைக்குள்ளே துணி மூட்டை மேல் உட்கார்ந்த மகன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "அம்மா, நமக்குத் துக்கம் உண்டா?" என்று கேட்டான். சின்ன வயதில் சந்தேகம் கேட்கிற அதே குரல்.

அவள் இஸ்திரிப் பெட்டிக் கரியைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். வெளியே வந்து ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"என்னடி இது, ஊரே கொண்டாடுது, நீ கடைய சாத்துற?" என்றாள் தையல்காரி.

"துக்கம்."

"ஐயையோ, யாரு?"

"என் மூத்த பொண்ணு. பேத்தியும் கூடவே போயிட்டா."

இவளுக்கு ஒரே பிள்ளை என்பதைப் பிரசவத்துக்கே கூட இருந்த தையல்காரி அறிவாள். வாயைத் திறந்தவள், இவள் முகத்தைப் பார்த்து அப்படியே மூடிக்கொண்டாள். இஸ்திரிக்காரம்மா குனிந்து உள்ளே போய், மிச்ச ஷட்டரையும் இழுத்து விட்டாள்.