கீழக்கரைக் கடையில் ஒரு கறுப்புப் பேனா

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது கைபேசிக்கு ஒரு படம் வந்தது. துருவேறிய பிஸ்கட் டப்பா. அதற்குள் குவியலாகப் பேனாக்கள், நாலைந்து ஷேவிங் ரேஸர்கள். கூடவே ஒரு குரல் பதிவு: "தங்கச்சி, ஒரு வீட்டு மாடியக் காலி பண்ணி வந்த சாமான். வாரியளா?"

அனுப்பியவர் கீழக்கரையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் அக்கா. கணவர் சவூதியில் இருப்பதால் கடையை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். கடல் வணிகம் செய்த குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. கொழும்பிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பொருள்கள், வீட்டை இடித்துக் கட்டும்போதெல்லாம் இவர் கடைக்கு வந்து சேரும். எனக்கு மைப்பேனாப் பைத்தியம். என் வீட்டுக்காரருக்குப் பழைய ரேஸர். ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் ஆளுக்கொரு தட்டு.

"பாத்திரம் கெடக்கட்டும், வண்டிய எடுங்க" என்றேன். அவர் ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் கடை வாசலில் நின்றோம். உள்ளே பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மதுரையிலிருந்து வரும் வியாபாரி ஒருவர் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஒரு கறுப்புப் பேனா. படத்தில் அதன் பருமன் தெரியவில்லை. கட்டைவிரல் தண்டி இருந்தது. எபனைட் என்கிற கெட்டி ரப்பர்க் கட்டையில் கடைந்தது. அகலமான தங்க நிப்பு.

"மை ஊத்துற எடம் தெறக்கவே மாட்டேங்குது. செத்த பேனா" என்றார் அவர். "நிப்புக்கு மட்டும் வெல போட்டுத் தாரேன்."

தங்கத்துக்காக நிப்பை உருக்கிவிடுவார் என்று எனக்குப் பதறியது. "அது சாகலண்ணே, மை காஞ்சு இறுகியிருக்கு" என்று கேட்காமலே சொல்லிவிட்டேன்.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எழுத வச்சுக் காமிங்க. யாரு எழுத வைக்கிறியளோ அவுகளுக்குத்தான் பேனா."

வியாபாரி பையிலிருந்து ஒரு குறடை எடுத்தார். அக்கா சட்டென்று பேனாவை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டார். "ஒடைச்சுப்புடுவிய. மொதல்ல இவுக பாக்கட்டும்."

டீக்கடையில் வெந்நீர் வாங்கிவரச் சொல்லத் திரும்பினால் என் வீட்டுக்காரரைக் காணோம். டப்பாவிலிருந்த ஒரு ரேஸரின் அடித்திருகைத் திருப்பியதும் மேல்பக்கம் இரட்டைக் கதவு போலத் திறந்ததாம். அக்காவிடம் கேட்டுக்கொண்டு, அதில் சவரம் செய்து பார்க்க எதிர்த்த சலூனுக்குப் போய்விட்டார். நானே போய் வாங்கிவந்து, பச்சைத்தண்ணீர் கலந்து வெதுவெதுப்பாக்கினேன். சூடு அதிகமானால் எபனைட் வெளுத்துவிடும். நிப்புப் பக்கத்தை மட்டும் தண்ணீரில் நிறுத்திவைத்துக் காத்திருந்தேன். நூல் நூலாக நீலம் இறங்க ஆரம்பித்தது. எத்தனை வருடத்து மையோ. வியாபாரிகூட நாற்காலியை நகர்த்திக் கிட்டே வந்தார்.

கடையில் கிடந்த சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. மறுபடி ஊறவைத்தேன். இரண்டாவது முறையும் இல்லை. மூன்றாவது முறை, ஒரு மயிரிழை நகர்ந்தது.

"என்னங்க, இங்க வாங்க" என்று கத்தினேன். ஒரு கன்னம் வழவழவென்றும் மறு கன்னம் நுரையோடுமாக, கழுத்தில் சலூன் துண்டுடன் ஓடிவந்தார். பின்னாலேயே சலூன்காரரும் வந்தார்.

கழுவித் துடைத்து, திருகு மரையில் வேசலின் தடவி, என் கைப்பையிலிருந்த மையைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி மூடினேன். காலண்டர் தாளின் பின்புறம் கோடு இழுத்தேன். வறட்டுக் கீறல். இன்னொன்று. அப்புறம் ஈரமாக, தடிமனாக, நீலக்கோடு ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது.

"குடுங்க பாப்போம்" என்று அக்கா வாங்கினார். தமிழில் தன் பெயரை எழுதினார். அதன் கீழே வலமிருந்து இடமாக அரபியில் எழுதினார். நிப்பு எந்தப் பக்கமும் இடறவில்லை. தாள் நிறைந்ததும் அடுத்த தாளைக் கிழித்தார். "பத்தாவது படிக்கும்போது மைப்பேனா புடிச்சது" என்றார், எங்களைப் பார்க்காமலே. எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு, "தங்கச்சி, கோவிச்சுக்கிறாதிய. இத நான் வச்சுக்கிறேன்."

வியாபாரி வாய்விட்டுச் சிரித்தார்.

"எழுத வச்சா எனக்குன்னு சொன்னியளேக்கா."

"சொன்னேன். அப்ப இத நான் எழுதிப் பாக்கலேல்ல."

பேனாவை அவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்ததும் மேற்கொண்டு கேட்க மனசு வரவில்லை. நானே எழுத வைத்தது என்கிற சந்தோஷமும் இன்னும் ஆறவில்லை.

அக்கா டப்பாவை என் பக்கம் தள்ளினார். "மிச்சத்துல ஒங்களுக்குப் புடிச்சத மொதல்ல எடுங்க. மதுர அண்ணன் அப்புறம் பாக்கட்டும்." அரக்கு நிறத்தில் ஒன்றும், மை அளவு தெரியக் கண்ணாடிப் பட்டை வைத்த ஒன்றும் எடுத்தேன். அரக்குப் பேனா இன்றுவரை ஒழுகுகிறது. மற்றது என் அலுவலகக் கையெழுத்தெல்லாம் போடுகிறது. அந்த ரேஸரும் எங்களுடன்தான் வந்தது.

கிளம்பும்போது வியாபாரி வண்டி வரைக்கும் வந்தார். குறடைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "தண்ணி எம்புட்டுச் சூடு இருக்கணும்?" என்று கேட்டார். சொன்னேன். "மதுரையில எங்கிட்ட செத்த பேனா ஒரு பொட்டி நெறயாக் கெடக்கு. இந்த மாதிரி பாத்துக் குடுத்தா, புடிச்சத நீங்க எடுத்துக்கிரலாம்."

அடுத்த ஞாயிறு விடிந்ததும் மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டோம்.