முகத்தை எடுக்கச் சொன்னவர்

டாக்டரின் கையெழுத்தை மருந்துக்கடைக்காரரைத் தவிர வேறு யாரும் படித்ததாக எனக்குத் தெரியவில்லை. சென்ற வாரம் அவருடைய கம்பவுண்டர் தாலுகா அலுவலகத்துக்கு வந்து என் மேசையில் வைத்த சீட்டை மட்டும் முதல் பார்வையிலேயே படித்துவிட்டேன். ‘செபஸ்தியான் காலையில் இறந்துபோனார். மூன்று நாள் காய்ச்சல். நான் போவதற்குள் முடிந்துவிட்டது.’ சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கையில் இருந்த கோப்பில் மேலும் இரண்டு வரி எழுதினேன். பிறகு படித்துப் பார்த்தேன். அர்த்தமில்லாமல் இருந்தது. ஆனால் அலுவலகத்தில் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

ராமநாதபுரத்தில் காமிரா வைத்திருந்த சிலர் சேர்ந்து நடத்திய எங்கள் சிறிய சங்கத்தை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாம்பன் பாலத்துக்கு இப்புறம் உள்ள ஒரு சிறு ரயில் நிலையத்தில் அவர் பார்சல் கிளார்க். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகாமல் ரயிலுக்குப் போனவர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. சங்கத்தில் இருந்த காமிராக்களிலேயே மலிவானது அவருடைய பெட்டிக் காமிராதான். இருந்தாலும், எதை வாங்குவதற்கு முன்பும் நாங்கள் எல்லாரும் போய் யோசனை கேட்டது அவரிடம்தான். கேட்டுவிட்டு வேறொன்றை வாங்கினோம்.

சங்கத்தில் ஒருவரான டாக்டர் ஒருமுறை எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டார். “லென்ஸு கெடக்கட்டும் சார். மூடி இறுக்கமா இருக்கிற பிஸ்கட் டின்னு ஒண்ணு வாங்குங்க. அரிசிய வறுத்து, துணியில முடிஞ்சு உள்ள போட்டு, காமிராவ அதுல வைங்க. இந்த உப்புக்காத்துல ஈரத்த அதுதான் குடிக்கும். வாரத்துக்கு ஒருவாட்டி அரிசிய மாத்துங்க” என்றார் செபஸ்தியான். மதிப்புள்ள ஒரு பொருளைப் பிஸ்கட் டின்னில் வைப்பது டாக்டருக்குக் கௌரவமாகப் படவில்லை. லென்ஸை வாங்கி வெல்வெட் பெட்டியில் வைத்தார். அடுத்த மழைக்காலம் முடிந்தபோது லென்ஸுக்குள் பூஞ்சை கிளை விட்டிருந்தது. டாக்டர் அதை நுண்ணோக்கியில் பார்த்து, இன்ன வகை என்று சொன்னார். மருந்து சொல்லவில்லை.

திருவாடானைப் பக்கத்து நிலக்கிழார் ஒருவர் சினிமாக் காமிரா வாங்கினார். கையடக்கமானது. சாவி கொடுத்தால் ஓடும். அதில் தேரோட்டத்தை எடுத்துவந்து சுவரில் திரையிட்டுக் காட்டினார். கோபுரம், தேர், மாடு, வானம், அவருடைய செருப்பு எல்லாம் ஒரே வீச்சில் வந்துபோயின. பார்த்துக்கொண்டிருந்த அவருடைய தாயார் தலைசுற்றுகிறது என்று எழுந்து போய்விட்டார். விளக்கைப் போட்டதும் செபஸ்தியான் மிகவும் பணிவாகக் கேட்டார்: “முதலாளி, தேருதான் ஓடுதே. நீங்க எதுக்கு ஓடுறீக?”

“எல்லாத்தையும் காட்ட வேண்டாமா?”

“ஒரு எடத்துல நின்னு பத்து எண்ணுங்க. அதுவரைக்கும் கை அசையக் கூடாது. பெறகு நிப்பாட்டிட்டு அடுத்த எடத்துக்குப் போங்க. அசையிறது முன்னால இருக்கிறவுக வேலை.”

நிலக்கிழார் அதன்பிறகு பத்து எண்ணினார். வாய்விட்டு எண்ணினார். நல்ல வேளையாக அந்தக் காமிராவில் ஒலி பதிவதில்லை.

இலங்கையிலிருந்து வருகிறவர்களிடம் பழைய காமிரா வாங்கினால், பழுது இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வதும் அவர்தான். கருவாட்டுக் கூடை ஏற்ற வந்து நிற்கும் யாரையாவது பார்சல் அறையின் வாசல் நிழலில் நிறுத்துவார். எதிரே கிடக்கும் வெள்ளை மணலிலிருந்து வெளிச்சம் முகத்தில் ஏறும். ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் வைத்து எடுப்பார். நெகட்டிவைப் பழுப்பு உறையில் போட்டு, மேலே ஆளின் பெயர், தகப்பன் பெயர், காமிராவின் குறை ஆகியவற்றை எழுதுவார். சோதனைப் படத்துக்குப் பெயர் எதற்கு என்று நான் சிரித்தேன். “பேரு எழுதாத கூடையவே நான் வண்டியில ஏத்த மாட்டேன். ஆள ஏத்துவேனா?” என்றார். அந்தப் படங்களில் எங்களுக்கு மதிப்பில்லை. மேகம் இல்லை, கடல் இல்லை. வாசலில் நிற்கும் ஆள் மட்டும் இருந்தார்.

ஒரு மாலை நானும் அவரும் கடற்கரைக்குப் போயிருந்தோம். ஸ்டாண்டின் கால்கள் மணலில் புதையாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கொட்டாங்கச்சி வைக்கச் சொன்னார். வைத்தேன். அடுத்து அவர் சொன்னதைத்தான் கேட்கவில்லை. அந்தோணி என்ற மீனவர் தம் வள்ளத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

“சார், சுத்தி இந்தப் பக்கம் வாங்க. வெயிலு உங்க முதுகுல விழட்டும். அவன் மூஞ்சி இப்பத் தங்கமா இருக்கு. சூரியன நாளைக்கும் எடுக்கலாம்.”

எனக்குக் கலை வேண்டியிருந்தது. நகரவில்லை. வள்ளத்திலிருந்து அந்தோணி சத்தம் போட்டார்: “ஏலே செபஸ்தி! சாரு என்னைய எடுக்குறாரா, கடல எடுக்குறாரா?”

“ஒன்னைய முன்னால விட்டுச் சூரியன எடுக்குறாருலே.”

“அப்பச் சூரியனுக்கு ஒரு படம் குடுக்கட்டும். எனக்கு ஒண்ணு குடுக்கச் சொல்லு.”

கொடுக்கச் சொன்னதைக் கொடுக்கவில்லை. படத்தை மதுரையில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினேன். தீப்பிடித்த வானம், அதன் முன் கரிய உருவம். வெள்ளிக் கோப்பை கிடைத்தது. ‘மனித குலத்தின் தனிமை’ என்று நடுவர் குறிப்பு எழுதியிருந்தார். மனித குலத்துக்கு மனைவி இருந்தாள், எட்டு மாதப் பெண் குழந்தை இருந்தது என்பது நடுவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அடுத்த ஐப்பசியில் அந்தோணியின் வள்ளம் காற்றில் கவிழ்ந்தது. உடன் போன இருவர் நீந்திக் கரையேறினார்கள். அவரைக் கடல் திருப்பித் தரவில்லை. நான் அவரைப் படம் எடுத்ததை யாரோ சொல்ல, அவர் மனைவி ரோசம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பார்சல் அறைக்கு வந்துவிட்டாள். அந்த வீட்டில் வேறு படமே கிடையாது. செபஸ்தியான் சொல்லியனுப்ப, சட்டம் போட்ட பரிசுப் படத்தையும் அதன் நெகட்டிவையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். “அவருதான். நிக்கிற நிலை எனக்குத் தெரியுது” என்றாள். பிறகு நிமிர்ந்து, “எனக்குத் தெரியும்யா. இந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்? இந்தக் கறுப்பக் காட்டி, இதுதான் ஒங்க அய்யான்னா சொல்றது?” என்று கேட்டாள்.

செபஸ்தியான் என் நெகட்டிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் இருக்க வேண்டிய இடம் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது. எந்த மருந்தாலும் அதிலிருந்து எதையும் வரவழைக்க முடியாது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. “எனக்கு ரெண்டு நாளு குடு, தாயி” என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

அதுவரை லீவே எடுத்திராதவர் இரண்டு நாள் லீவு எடுத்தார். பழுப்பு உறைகளை வீட்டு ஜன்னலோரம் கொட்டி இருவரும் தேடினோம். இந்தக் கரையில் அந்தோணி என்று கூப்பிட்டால் நாலு வள்ளத்திலிருந்து பதில் வரும். மீசை வைத்த அந்தோணி, பல் போன அந்தோணி, ஆட்டுக்குட்டியோடு வந்த அந்தோணி எல்லாரும் கிடைத்தார்கள். எங்களுக்கு வேண்டிய அந்தோணி இரண்டாம் நாள் மத்தியானம்தான் கிடைத்தார். ‘அந்தோணி, சவேரி மகன். டாக்டர் சாரின் பழைய காமிரா. ஷட்டர் ஒட்டுகிறது.’ படத்தில் அவர் கை அசைந்து மங்கியிருந்தது. முகம் தெளிவாக இருந்தது. வாய் நிறையச் சிரிப்பு. ஆனால் கண்கள் இரண்டும் மூடியிருந்தன.

செபஸ்தியான் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். “கண்ணு மூடிக் கெடக்கே சார். செத்த வீட்டுக்குக் கொண்டுபோயி இதையா குடுக்கிறது?”

வேறு வழியில்லாமல் அதையே பெரிதாகப் பிரிண்டு போட்டு எடுத்துப் போனோம். ரோசம்மாள் படத்தை வாங்கினாள். செபஸ்தியான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். “சிரிச்சா அவருக்குக் கண்ணு ரெண்டும் மூடிக்கிரும்ணே. தொறந்திருந்தா நானே சந்தேகப்பட்டிருப்பேன்.” குழந்தையைத் திருப்பிப் படத்துக்கு நேரே பிடித்தாள்.

திரும்பி வரும் வழியில், அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நிலையம் வந்ததும், சைக்கிளை நிறுத்திவிட்டு, “இனிமே யார எடுத்தாலும் மொதல்ல பேரக் கேளுங்க சார்” என்றார். “பேரக் கேக்கணும்னா மூஞ்சியப் பாத்துத்தான கேக்கணும்?”

காமிராவைப் பற்றி எத்தனையோ புத்தகங்களை வரவழைத்துப் படித்திருக்கிறேன். இந்த ஒரு வரி எதிலும் இல்லை.

அவரை அடக்கம் செய்த அன்று மணல் குழியைச் சுற்றிப் பெருங்கூட்டம். பாதிப் பேரை எனக்குத் தெரிந்திருந்தது. நேரில் பார்த்ததில்லை. அந்த இரண்டு நாளும் ஜன்னலோரம் பார்த்த முகங்கள். டாக்டர் வந்தார், நிலக்கிழார் வந்தார். யாரும் காமிரா கொண்டுவரவில்லை.

செபஸ்தியானிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு பழக்கம். காமிராவைத் திறப்பதற்கு முன் பெயரைக் கேட்கிறேன். இந்தக் கரையில் பெயரைக் கேட்டால் பெயர் மட்டும் வராது. தகப்பன் பெயர் வரும், வள்ளத்தின் பெயர் வரும், நேற்றைய மீன்பாட்டின் கதை வரும், மருமகன் செய்த துரோகம் வரும். போன மாதம் மாரியூரில் ஒரு பெரியவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, அவருக்குப் பின்னால் அன்று இறங்கிய அருமையான சூரியன் முழுவதுமாகப் போய்விட்டிருந்தது. மிச்சமிருந்த மங்கல் வெளிச்சத்தில் ஷட்டரை மெதுவான வேகத்தில் வைத்து, பெரியவரை அசையாமல் இருக்கச் சொல்லி, முகத்தை எடுத்தேன். பெரியவர் அசைந்துவிட்டார். மறுபடி எடுத்தேன்.