வலையை விட்டு வெளியே வந்த கோல்கீப்பர்: ஒஸ்லோவில் ஆறு நாள்

சென்ற பிப்ரவரியில் நார்வே போகிறேன் என்றதும் நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: வடதுருவ ஒளி பார்க்கவா? இல்லை, பதினைந்து வயதுக்காரர்களின் ஐஸ் ஹாக்கித் தேர்வைப் பார்க்க என்றேன். அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. பயணத்தை ரகசியமாக வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

காரணம் ஜெயசீலன். மன்னார்க்காரர், முப்பது ஆண்டுகளாக ஒஸ்லோவில் இருக்கிறார், பஸ் ஓட்டுகிறார். எட்டு ஆண்டுகளுக்கு முன் இந்த வலைப்பூவில் மன்னார் பற்றி எழுதியபோது ஒரு தூரத்தைத் தவறாகப் போட்டுவிட்டேன். அதைத் திருத்தி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டுரைக்கும் அவரிடமிருந்து ஒரு திருத்தம் வரும். பாராட்டு கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. ஒரு திருத்தம்கூடப் பிழையாக இருந்ததும் கிடையாது. நல்ல நட்புக்கு இவ்வளவு போதும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

டிசம்பரில் முதல்முறையாகத் திருத்தம் இல்லாத அஞ்சல் ஒன்று வந்தது. “நீங்கள் இதுவரை பத்தொன்பது அருவிகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் மேலிருந்து கீழேதான் விழுகின்றன. பிப்ரவரியில் இங்கே வாருங்கள். மகளுக்குத் தேர்வு இருக்கிறது.”

ஒரு வியாழக்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்கு இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து நகர மையம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். இரண்டு வகை ரயில் உண்டு. விரைவு ரயிலுக்குப் பத்தொன்பது நிமிடம். சாதாரண ரயிலுக்கு இருபத்துமூன்று நிமிடம், விலை ஏறத்தாழப் பாதி, நான் கொடுத்தது 129 குரோனர். அந்த நான்கு நிமிடத்தை மிச்சம் பிடித்து என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் விரைவு ரயிலில் போகலாம். வெளியே மைனஸ் ஒன்பது. என் மூக்கு இருந்த இடத்தைக் கையால் தொட்டு உறுதிசெய்துகொண்டேன்.

மையத்திலிருந்து கிழக்கே சுரங்க ரயிலில் இருபது நிமிடம், பிறகு நடை. ஜெயசீலன் நிலையத்துக்கு வந்திருந்தார். எட்டு ஆண்டு அஞ்சல் உறவுக்குப் பிறகு முதல் சந்திப்பு. என் காலணியைப் பார்த்து அவர் சொன்ன முதல் வாக்கியம்: “இந்தச் சப்பாத்து இஞ்சை சரிவராது.” வழக்கம்போல அவர்தான் சரி. இருநூறு மீட்டருக்குள் இரண்டு முறை விழுந்தேன்.

அவருடைய மகள் ஜெனிற்றா பத்தாம் வகுப்பு. வீட்டில் ஜெனி. ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர். ஒஸ்லோவில் ஹாக்கிப் பிரிவு உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் சேர விரும்புகிறாள். அங்கே அந்த ஆண்டு கோல்கீப்பருக்கு ஒரே இடம், போட்டியில் நான்கு பேர். மற்ற மூவரும் பையன்கள், மூவரும் இவளைவிட உயரம். கிடைக்காவிட்டால் சாதாரணப் பள்ளி. இவள் வயதுக் குழு அந்தப் பருவத்தோடு கலைகிறது, ஆகவே ஆட்டமும் ஏறத்தாழ முடிந்த மாதிரி. சாப்பாட்டு மேசையில் இதை அவளே எனக்கு விளக்கினாள். விளக்கிவிட்டு, “மாமா, நீங்கள் சீரியலிலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறியள்” என்றாள். நான் அதுவரை பேசியது “கொஞ்சம் ரசம் ஊத்துங்க” மட்டும்.

ஹாக்கி தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி, தெரிந்தவர்கள் தாண்டிவிடலாம். பந்துக்குப் பதில் உள்ளங்கை அளவு கறுப்பு ரப்பர் வட்டு. எதிரணி சில நேரம் கோலுக்கு அடிக்காமல், வட்டை மூலைக்கு அனுப்பி, பலகைச் சுவரை ஒட்டி வலைக்குப் பின்னால் சுற்றி ஓடவிடும். பின்னாலேயே துரத்தியும் வரும். அப்போது கோல்கீப்பர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். வலைக்குள்ளேயே நின்று, தன் பின்காவல் ஆட்டக்காரர் வந்து எடுக்கட்டும் என்று விடலாம். அல்லது வலையைக் காலியாக விட்டு, பின்னால் போய், வட்டை நிறுத்தித் தன் ஆளுக்குத் தள்ளலாம். இரண்டாவது சரியாக நடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தவறினால் அரங்கமே கவனிக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தவறியது. நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள திராமனில் ஓர் ஆட்டம். ஜெனி வெளியே போனாள், வட்டு சுவர்ப் பலகை இடுக்கில் பட்டுத் திரும்பி, காலி வலைக்குள் போனது. ஒன்றுக்குப் பூச்சியம் தோல்வி. அந்த நாற்பது கிலோமீட்டரும் காரில் ஒருவரும் பேசவில்லையாம். அன்றிலிருந்து ஜெயசீலனுக்கு ஒரே கொள்கை.

“நான் முப்பது வருசமா பஸ் ஓடுறன். ஓடேக்கை ஒருநாளும் சீற்றை விட்டு எழும்பினதில்லை. கோல் காக்கிறவைக்கும் அதுதான். உன்ரை இடத்தை விட்டிட்டு ஏன் வெளியிலை போறாய்?”

“பப்பா, பஸ்ஸுக்குப் பின்னாலை வட்டு வராது” என்றாள் ஜெனி.

வெள்ளிக்கிழமை ஜெயசீலனுக்குக் காலை வேலை. நான் நகர மையத்தை ஒட்டிய குறொன்லாண்ட் பகுதிக்குப் போனேன். அங்கே உள்ள கடைகளில் முருங்கைக்காய் முதல் இடியப்ப மா வரை கிடைக்கும். ஜெயசீலன் அங்கீகரித்த வகைச் சப்பாத்தும் ஒரு கடையில் 399 குரோனருக்குக் கிடைத்தது. ஜெனியின் அம்மா றீற்றா கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லியிருந்தார். கொண்டுபோய்க் கொடுத்ததும், “அண்ணை, ஒரு உதவி. கீழை உடுப்புத் தோய்க்கப் போறம். வாறீங்களோ?” என்றார். விருந்தினரைத் துணி துவைக்கக் கூப்பிடுவது நார்வே வழக்கம் போலும் என்று நினைத்துப் பின்னால் போனேன்.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சலவை அறை இருந்தது. றீற்றா இயந்திரத்தில் துணியைப் போட்டு ஓடவிட்டுவிட்டு, பக்கத்துக் கதவைத் திறந்தார். கார் நிறுத்துமிடம். மூலையில் பனித்தரைக்குப் பதிலாக வழுவழுப்பான பிளாஸ்டிக் தகடுகள் விரித்திருந்தன. பாடசாலை முடிந்து வந்த ஜெனி முழுக் கவசத்தோடு அங்கே நின்றாள். ஐந்து மாதமாக, வாரம் நான்கு நாள், இதுதான் சலவை. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்யும் றீற்றா, வேலை முடிந்து வந்து, ஒரு பழைய மட்டையால் வட்டைச் சுவரோரமாக அடிக்கிறார்; ஜெனி அதை நிறுத்தி, சுண்ணக்கட்டியால் வரைந்த கட்டத்துக்குள் அனுப்புகிறாள்.

“இவருக்குத் தெரியாது. இந்த வீட்டிலை என்ன இவ்வளவு உடுப்பு எண்டு மட்டும் கேக்கிறவர்” என்றார் றீற்றா.

எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை எதிரணி. தரை துடைக்கும் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஜெனியை நோக்கி ஓடிவர வேண்டும். “மாமா, பயப்பிடாதையுங்கோ. நீங்கள் வந்தால் காணும். பிடிக்கத் தேவையில்லை” என்றாள். அவமானம் என்று தோன்றியது. நாற்பது முறை ஓடினேன், ஒருமுறைகூட வட்டு என் கட்டையில் படவில்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை என்பதைப் பத்தாவது ஓட்டத்தில்தான் கவனித்தேன். வட்டு வருவதற்கு முன்பே தோள் வழியாக ஒருமுறை திரும்பிப் பார்த்து, நான் எங்கே இருப்பேன் என்று முடிவுசெய்துவிடுகிறாள். நான் கீழ்ப்படிதலோடு அங்கே போய்ச் சேர்கிறேன்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குத் தேர்வு. அரங்கு வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர், நுழைவு இலவசம், உள்ளே வெளியைவிடக் குளிர். ஜெனியின் பையை வீட்டுத் தராசில் வைத்தால் பத்தொன்பது கிலோ. அதை யாரும் தூக்க அவள் விடுவதில்லை. ஜெயசீலனும் றீற்றாவும் நடுக்கோட்டுக்கு எதிரே உட்கார்ந்தார்கள், மடியில் ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸ். எனக்கு அவர்கள் அருகில் இருக்கும் மனத்திடம் இல்லை. அரங்கின் ஒரு முனைக்குப் போய், வலைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் மடியில் தாளோடு ஒரு பெண்மணி. பெயர் ஷெஷ்தி. முன்னாள் கோல்கீப்பர், அன்று நான்கு பேரையும் மதிப்பிட வந்தவர். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். நான் ஒவ்வொரு தடுப்பையும் விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்து, எதற்கு என்று கேட்டார்.

“யார் அதிகம் தடுத்தார்கள் என்று பார்க்கிறேன்.”

“இந்த வயதில் அந்த எண்ணிக்கை, அவர்களுக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரைப் பற்றிய தகவல்” என்றார். “உயரம் இன்னும் வரும். கால் வேகத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். நான் வேறொன்றைப் பார்க்கிறேன்.” என்னவென்று சொல்லவில்லை.

பயிற்சி ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம். மூன்று பையன்களும் நன்றாகத்தான் தடுத்தார்கள். வட்டு பின்னால் சுற்றி வந்தபோதெல்லாம் ஒழுங்காக வலைக்குள் நின்றார்கள். கடைசியாக ஜெனி.

நான்காவது நிமிடத்தில் வட்டு சுவரோரமாகச் சுற்றி வந்தது. ஜெனி வெளியே கிளம்பினாள். நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஜெயசீலனின் குரல்: “உள்ளை நில் பிள்ளை!” அவள் நிறுத்தினாள், தள்ளினாள், திரும்பி வந்தாள். எல்லாம் மூன்று நொடி.

ஒன்பதாவது நிமிடம் மறுபடியும். “உள்ளை நில்!” ஜெனி போனாள். நிறுத்தினாள். தள்ளிய வட்டு எதிரணிப் பையன் ஒருவனின் மட்டையில் பட்டது. அவன் முன்னால் காலி வலை. அவன் அவசரப்படக்கூட இல்லை.

றீற்றா முகத்தை மூடிக்கொண்டார். ஜெயசீலன் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார். நான் என் புதுச் சப்பாத்தைப் பார்த்தேன்.

“அந்த மனிதர் என்ன கத்துகிறார்?” என்று கேட்டார் ஷெஷ்தி.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எட்டு ஆண்டுகளாக ஜெயசீலன் என்னை உண்மையான எண்களுக்குப் பழக்கியிருக்கிறார். “உள்ளேயே நில் என்கிறார். அவளுடைய அப்பா.”

“அவளுக்கு அந்த மொழி புரியுமா?”

“என்னைவிட நன்றாகப் பேசுவதாக அவளுக்கு எண்ணம்.”

ஷெஷ்தி தாளைப் பேனாவோடு மடித்துவைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

பதினாறாவது நிமிடம். வட்டு மூலைக்கு வந்தது, இந்த முறை இன்னும் வேகமாக. இரண்டு பேர் துரத்தி வந்தார்கள். “உள்ளை நில், ஜெனி!” முன்பைவிடச் சத்தமாக. அவள் ஓரடி வைத்தாள். நின்றாள். வலைக்கம்பத்தை மட்டையால் ஒருமுறை தட்டினாள். தோள் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்; நாற்பது முறை என் மேல் பட்டது. பிறகு போனாள்.

வட்டைச் சுவரில் வைத்து நிறுத்தி, இரண்டு பேருக்கும் நடுவே, அவர்கள் வந்து சேரப்போகும் இடத்தைத் தவிர்த்து, நடுக்கோட்டில் காத்திருந்த தன் ஆளுக்கு அனுப்பினாள். கோல் எதுவும் விழவில்லை. அவளுடைய அணி வட்டோடு மறுபக்கம் போனது, அவ்வளவுதான். ஷெஷ்தி தாளை விரித்து ஒரே ஒரு வரி எழுதினார்.

முடிந்ததும் ஜெயசீலன் இறங்கி வந்து மனைவியிடம் கேட்டது இது: “இதை எங்கை பழகினவள்?”

“கீழை. உடுப்புத் தோய்க்கேக்கை.”

ஷெஷ்தி முடிவைச் சொல்ல முடியாது என்றார். ஆட்டம் முடிந்துவிட்டதால் ரோல்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்து இரண்டு எடுத்துக்கொண்டார். போகும்போது என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார்: “யாரும் சொல்லாமலேயே உள்ளே நிற்கிற மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருமுறை கோல் வாங்கி, அப்பாவும் நில் என்று கத்தும்போது, யோசித்துவிட்டு வெளியே போகிற ஒருத்தி இருக்கிறாள்.”

காரில் இரண்டு கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் போனதும் ஜெயசீலன் கேட்டார்:

“நான் கத்தினது உனக்குக் கேட்டதோ?”

“ஓம் பப்பா. மூண்டு தரமும்.”

“கேட்டும் ஏன் போனனி?”

“பஸ்ஸிலை பின்னுக்கு இருக்கிற ஆள் ‘இடப்பக்கம் திருப்பு’ எண்டு கத்தினால் நீங்கள் திருப்புவீங்களோ?”

றீற்றா சிரித்தார். ஜெயசீலன் சமிக்ஞை போட்டு, மிகுந்த கவனத்தோடு இடப்பக்கம் திரும்பினார். வீடு அந்தப் பக்கம்தான்.

மீதி மூன்று நாள் பார்த்த கடலும் அருங்காட்சியகங்களும் வேறு எல்லா வலைப்பூக்களிலும் உள்ளன. பயன்படக்கூடியதை மட்டும் சொல்கிறேன். ஐஸ் ஹாக்கிப் பருவம் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை. இளையோர் ஆட்டங்கள் பெரும்பாலும் இலவசம், சனி, ஞாயிறு பகலில். ஒரு நாள் போக்குவரத்துச் சீட்டு 132 குரோனருக்கு எடுத்தேன். நீங்கள் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். அரங்கில் காப்பி 25, வாஃபிள் 30. இரண்டு ஜோடிக் காலுறை அவசியம். நடுக்கோட்டுக்கு எதிரே உட்காராதீர்கள், அங்கே பெற்றோர் இருப்பார்கள். வலைக்குப் பின்னால் உட்காருங்கள். கோல்கீப்பர் எதைத் தடுக்கிறார் என்பது எங்கிருந்தும் தெரியும். எதற்காக வெளியே வருகிறார் என்பது அங்கிருந்துதான் தெரியும்.

பள்ளி முடிவுகள் ஜூலையில் வந்தன. ஜெனிக்கு இடம் கிடைத்தது.

கட்டுரையை வெளியிடுமுன் வழக்கத்துக்கு மாறாக ஜெயசீலனுக்கு முன்கூட்டியே அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் மூன்று திருத்தங்கள் வந்தன. ஒன்று, அரங்கு வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் அல்ல, ஒன்று புள்ளி ஏழு. இரண்டு, பை பத்தொன்பது கிலோ அல்ல, பதினெட்டரை. இரண்டும் சரியாகத்தான் இருக்கும்.

மூன்றாவது: “நான் ‘உள்ளை நில்’ எண்டு கத்தினது இரண்டு தரம்தான். மூண்டாந்தரம் ‘போ பிள்ளை’ எண்டுதான் கத்தினனான். மாத்தி எழுதவும்.”

எட்டு ஆண்டுகளில் அவர் அனுப்பிய முதல் பிழையான திருத்தம் இது. ஏற்றுக்கொள்கிறேன்.