இரண்டு நாள் தாமதம்

செய்தித்தாள் அலுவலகத்தின் விளம்பரக் கவுன்ட்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தவருக்கு அங்கே வைத்த பட்டப்பேர் 'கட்டம்'. மரண அறிவிப்பு, நினைவஞ்சலி எல்லாம் கறுப்புக் கோடு போட்ட கட்டத்துக்குள்தான் வரும். அதை எழுதி வாங்குகிறவர் இவர். ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் அந்தப் பேர் மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஆள் வேலையில் படு சுத்தம். எழுதிக் கொடுத்ததைக் கொடுத்தவர் காதுபட ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று கவுன்ட்டரில் சட்டம் கொண்டுவந்தவரே அவர்தான். எவனோ ஒருவன் உயிரோடு இருக்கும் மாமனார் பேரை மாற்றி எழுதிக் கொடுத்து, அது அப்படியே அச்சாகி, மாமனார் நேரில் வந்து சத்தம் போட்ட பிறகு வந்த சட்டம் அது. என்ன எழுதுவது என்று தெரியாமல் விழிப்பவர்களுக்காக இரண்டு இரண்டு வரியாகப் பத்து மாடல் தயார் செய்து, எண் போட்டு, அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். துக்கத்தோடு வருகிறவர்கள் "அஞ்சாம் நம்பர் போடுங்க" என்பார்கள். வேலை முடிந்தது.

வேலையில் இருந்த சுத்தம் வாயில் இல்லை. "முதல் வருஷம் விளம்பரம் கால் பக்கம், ரெண்டாம் வருஷம் உள்ளங்கை, மூணாம் வருஷம் தீப்பெட்டி. நாலாம் வருஷம் ஆளையே காணோம். துக்கத்துக்கு ஆயுசு மூணு வருஷம்யா" என்று டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிச் சிரிப்பார். கூட இருப்பவர்களும் சிரிப்பார்கள். ஊரான் வீட்டுச் சாவுதானே.

ஒரு நாள் ஒருவர் வந்தார். பிளாஸ்டிக் கவரில் ஒரு பெண்ணின் போட்டோ. "மனைவியோட நினைவு நாளுங்க. ரெண்டு நாள் தாண்டிப் போச்சு. இப்பப் போடலாமா?" என்று கேட்டார். வரிசையில் நாலு பேர் நின்றார்கள். நாலு பேர் இருந்தால் கட்டத்துக்கு நாக்கில் அரிப்பு வந்துவிடும். "போனவங்க தேதியை மறக்க மாட்டாங்க சார், அவங்களுக்கு வேற வேலை இல்ல. நீங்க எதுல இவ்வளவு பிஸி?" என்றார். வரிசை சிரித்தது. அந்த மனிதரும் கொஞ்சம் சிரித்தார். சிரித்துக்கொண்டே போட்டோவைக் கவருக்குள் தள்ளி, கவரை இரண்டாக மடிக்கப் போய், போட்டோ மடங்கிவிடுமே என்று நிமிர்த்திக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கவுன்ட்டர் பக்கமே வரவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டம் இதை நடித்தே காட்டினார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்த்தவர். ஊசிக்குப் பயந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையை முடித்துவிடுகிற கை. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"போன வருஷம் அவர் போட்டிருப்பாருல்ல? அந்தப் படிவத்துல விலாசம் இருக்குமா?"

"இருக்கும். எதுக்கு?"

"நான் வண்டியில கூட்டிட்டுப் போறேன். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுங்க."

"உனக்கு வேற வேலை இல்ல" என்று கட்டம் கை கழுவப் போய்விட்டார். அந்த அம்மா மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். பிறகு கேட்கவில்லை.

வண்டி என்றால் ஸ்கூட்டர். ஓட்டுவது மனைவிதான். கட்டத்துக்குச் சைக்கிள்கூட வராது. இருபத்தைந்து வருஷம் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தே ஆபீஸ் போனார். "என்னை ஒரு தடவையாவது பின்னாடி வெச்சு ஓட்டுவீங்களா?" என்று சிக்னலில் நிற்கும்போது கேட்பார் அந்த அம்மா. "அடுத்த பிறவியில" என்பார் இவர்.

அந்த அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. அந்த அம்மாவுக்குக் கூடப் பிறந்தவள் என்று ஒரே ஒரு தங்கை, பஸ்ஸில் ஆறு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் பதினாலாம் தேதி பேப்பரில் அக்காவின் படத்தைத் தேடி எடுத்து, வெட்டி, ஒரு நோட்டில் ஒட்டி வைப்பாள். மூன்று வருஷமும் கட்டம் தவறாமல் போட்டார். மூன்று வருஷமும் ஏழாம் மாடல்தான்: 'நொடியும் மறவாது உன் நினைவில் வாடும் கணவர்.'

நாலாம் வருஷம்தான் கீழ் வீட்டுத் தபால்காரர் வந்து கெடுத்தார். அவரும் ஓய்வு பெற்றவர். "என் முட்டி வேலைநிறுத்தம் பண்ணுது. இந்தச் சைக்கிள் சும்மா நிக்குது. ஏறுங்க சார்" என்றார். அறுபத்தைந்து வயதில் ஏறினார் கட்டம். தெருமுனைக் கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் ஒரு மாசம் தினமும் காலையில் விழுந்தார். வீட்டு ஜன்னல்களில் பார்வையாளர்கள் கூடினார்கள். "விழுறதுல தேறிட்டீங்க, இனி ஓட்டுறதுதான் பாக்கி" என்றார் தபால்காரர்.

ஒரு காலையில் தபால்காரர் பிடித்த கையை விட்டது இவருக்குத் தெரியவே இல்லை. மைதானத்தைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, பாலம் வரைக்கும் போய்விட்டார். யாருமே இல்லாத இடத்தில் மணி அடித்தார். விளக்குக் கம்பத்துக்கும் மணி அடித்தார். திரும்பி வந்து எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். காய்கறிக் கடைக்காரரிடம் இரண்டு தடவை சொன்னார். மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டு, சாயங்காலம் மறுபடியும் பாலம் வரைக்கும் போய் வந்தார். இப்படி ஒரு நாள் அவருக்கு வாய்த்து எத்தனை வருஷமோ.

மறுநாள் காலையில் போன் அடித்தது. கொழுந்தியாள்.

"அத்தான், நேத்து பேப்பரை நாலு தடவை புரட்டினேன். இன்னைக்கு வருமோன்னு இன்னைக்குப் பேப்பரையும் பார்த்தேன். இந்த ஊருக்கு வர்ற பதிப்புல போடலையா?"

கட்டத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. நேற்று பதினாலு. மறந்தது தேதியை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. நேற்று முழுக்க, விடிந்ததிலிருந்து படுக்கும் வரைக்கும், ஒரு தடவைகூட அவள் நினைவு வரவில்லை. முதல் தடவையாகச் சைக்கிள் ஓட்டிய நாளில், பின்னால் வைத்து ஓட்டச் சொல்லிக் கேட்டவளையே நினைக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த நாக்குதான் பதில் சொன்னது.

"ஆமாம்மா. இந்த வருஷம் எங்க ஊர்ப் பதிப்புல மட்டும்தான் போட்டாங்க."

"அதானே பார்த்தேன். வெட்டி அனுப்பிடுங்க அத்தான். நோட்டுல ஒரு பக்கம் விட்டு வெச்சிருக்கேன்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது எட்டு நிமிஷம் தாங்குமா என்றே தெரியவில்லை. வராத விளம்பரத்தை எங்கே போய் வெட்டுவது? அப்போது தொழில் புத்தி வேலை செய்தது. பக்கம் வடிவமைக்கும் பழைய நண்பர் இன்னும் ஆபீஸில்தான் இருக்கிறார். ஏழாம் மாடலைப் போட்டு, மேலே பதினாலாம் தேதியையும் போட்டு, செய்தித்தாள் காகிதத்தில் ஒரே ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னால் வெட்டி அனுப்பிவிடலாம். மனைவியின் போட்டோவை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

நண்பர் சாப்பிடப் போயிருந்தார். கட்டம் கவுன்ட்டருக்கு எதிரே வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் கவுன்ட்டர் தலைக்கு மேலே தெரிகிறது. 'வாசித்துக் காட்டிய பின்பே பெற வேண்டும்' என்று அவர் கைப்பட எழுதிய பலகை இன்னும் தொங்கியது. மடியில் இருந்த கவரைப் பார்த்தார். அப்போதுதான் அந்த மனிதர் நினைவுக்கு வந்தார்.

"சார், உங்களுக்கு என்ன வேணும்?" கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு இவரைத் தெரியாது.

பொய்ப் பிரதி எடுக்க வந்தேன் என்றா சொல்வது? "மனைவியோட நினைவஞ்சலி. தேதி... தாண்டிடுச்சு" என்றார். அடி விழப்போகிற குழந்தையைப் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"அதனால என்ன சார், நாளைக்கே போட்டுடலாம்" என்றாள் அவள், தலையைக்கூட நிமிர்த்தாமல் படிவத்தை நீட்டிக்கொண்டே.

அவ்வளவுதான். அவ்வளவு சுலபமான வாக்கியம். அன்றைக்கு அவர் வாயில் அது வந்திருக்கக் கூடாதா? திட்டியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

"மாடல் நம்பர் சொல்றீங்களா?"

"இல்லம்மா. நானே எழுதுறேன்."

கட்டங்களை நிரப்பி நிரப்பிப் பழகிய கை, ஆறு வரிக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. எழுதிக் கொடுத்துவிட்டு நகரப் பார்த்தார். "இருங்க சார், வாசிச்சுக் காட்டணும்" என்று பலகையைக் காட்டினாள் அவள். அவர் போட்ட சட்டம். பின்னால் மூன்று பேர் நின்றார்கள். அவள் கணீரென்று வாசித்தாள்:

"பதினாலாம் தேதி உன்னை மறந்துவிட்டேன். அன்றைக்குத்தான் சைக்கிள் ஓட்டப் பழகினேன். நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். உன் தங்கையிடம் பொய் சொன்னேன். நீ மன்னிப்புக் கேட்கச் சொன்ன ஆளிடம் நான் இன்னும் போகவில்லை. வெட்கமாக இருக்கிறது."

அவள் குரல் போகப் போக இறங்கிவிட்டது. வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது கட்டத்துக்கு.

"இப்படியே போடவா சார்?"

"இப்படியே போடும்மா."

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. எடுக்காமல் விட்டுவிடலாமா என்று நினைத்தார். எடுத்தார். கொழுந்தியாள்தான்.

"பொய் ஏன் சொன்னீங்க அத்தான்?"

"நீ கேட்டதும் கூச்சமாப் போச்சும்மா."

"மறந்ததுக்கா, சந்தோஷமா இருந்ததுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "மூணு வருஷமும் அதே ரெண்டு வரி. ஒட்டும்போது பார்ப்பேன். ஏன்னு கேட்டதில்ல" என்றாள். கட்டம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். எந்த வெட்கத்துக்கும் மேலே ஒரு வெட்கம் இருக்கத்தான் செய்கிறது.

"விழுந்தீங்களா?"

"ஒரு மாசம்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "அது யாரு அத்தான், அக்கா மன்னிப்புக் கேக்கச் சொன்ன ஆளு?"

சொன்னார். போட்டோவை மடிக்காமல் நிமிர்த்திக்கொண்டு போனதுவரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். இந்தத் தடவை நடித்துக் காட்டவில்லை.

"விலாசம் இருக்குமா?" என்றாள். அக்கா கேட்ட அதே கேள்வி, அதே குரல்.

"பழைய படிவத்துல இருக்கும்."

"அப்புறம் என்ன, கிளம்புங்க. சைக்கிள்தான் இருக்குல்ல."