திரும்பிப் பார்த்த நரி

டோக்கியோவில் அந்த வருடத்துப் படவிழாவில் முழுநீளக் கார்ட்டூன் படம் ஒன்றுக்கு முதல்முறையாகப் பரிசு கொடுத்தார்கள். பொம்மைப் படத்துக்கெல்லாம் பரிசா என்று முகம் சுளித்த பெரிய மனிதர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். படத்தை வரைந்த ரியூசாகு செத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பதக்கம் வாங்க மேடையேறியவள் அவன் மனைவி ஹிசாயோ.

நடுவர் ஒருவர் மைக்கின் முன் உருகினார். வளர்த்த கிழவியை விட்டுப் பனியில் போகும் நரி, கடைசியில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்க்கிறதே, ரியூசாகுவின் உயிரே அந்தப் பார்வையில்தான் இருக்கிறது என்றார். ஹிசாயோ தலையைக் குனிந்துகொண்டாள். ரியூசாகு வரைந்த நரி திரும்பவே இல்லை.

அவன் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவான். இடையில் வரும் படங்களையெல்லாம் போட்டு அசைவு கொடுப்பது அவள் வேலை. அவன் தாளில் நரி நேரே நடந்து புள்ளியாகி மறைந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அவனும் அப்படித்தான் போனான். வாசலில் மனைவியும் தாயும் நிற்பது தெரிந்தும் தலையைத் திருப்பவில்லை, கல்நெஞ்சக்காரன். காரியமெல்லாம் முடிந்து ஸ்டூடியோவுக்குத் திரும்பியவள், யாரையும் கேட்காமல் நரியைத் திருப்பிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அவன் மேஜைப் பக்கம் கத்தியால் பென்சில் சீவும் சத்தம் கேட்கிறது. தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்து, வெளியே சொல்லாமல் வெந்துகொண்டிருந்தாள்.

விழா முடிந்து வெளியே வந்தபோது ஸ்டூடியோ தலைவர் குராமோச்சி பிடித்துக்கொண்டார்.

"இருந்தப்ப ஒரு வார்த்தை பாராட்டினாலே மூஞ்சியத் தூக்கி வச்சுப்பான் உன் புருஷன். இப்ப என்ன செய்வான், பாக்கலாம்! படம் மறுபடி ரிலீஸ் ஆகுதும்மா, ஊர் ஊரா."

சொல்லிவிடலாமென்றுதான் வாயைத் திறந்தாள். "சந்தோஷம்ங்க" என்றுதான் வந்தது.

வீட்டில் மாமியார் தோமி பதக்கத்தை வாங்கி, மகனின் படம் இருந்த மாடத்தில் வைத்தாள். மணியைத் தட்டி ஊதுவத்தி ஏற்றினாள். குவித்த கையை எடுக்காமலே கேட்டாள்.

"அந்த நரியத் திருப்பினது நீதானே?"

"அம்மா..."

"எம் பிள்ளைய எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் போன நாள்லேர்ந்து ஒரு தடவ திரும்பிப் பாத்ததில்ல. சவப்பெட்டி கிளம்பினப்ப அவன் சோத்துக் கிண்ணத்த வாசல்ல போட்டு உடைச்சேனே, எதுக்கு? இங்க உனக்கு இனிமே ஒண்ணுமில்லடா, திரும்பாம போடான்னு. நீ திருப்பிவிட்டுட்ட. பென்சில் சீவுற சத்தம் எனக்கும் கேக்குதுடி."

தனக்குப் பைத்தியமில்லை என்ற நிம்மதியில் ஹிசாயோவால் அழுகையை அடக்க முடியவில்லை.

"ஒரு தடவன்னா பரவால்ல," என்றாள் தோமி. "தியேட்டர்ல தினமும் இத்தன ஆட்டம். பரிசு வேற குடுத்துட்டாங்க, இனி ஊரெல்லாம் ஓட்டுவாங்க. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எம் பிள்ள நின்னு திரும்பணுமே. பாவம், எப்பதான் போவான்? நாளைக்கே குராமோச்சி ஐயாகிட்டப் போ. அது அவன் வரைஞ்சதில்லன்னு சொல்லி, அத வெட்டச் சொல்லு."

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளறையில் கத்தி மரத்தில் உரசத் தொடங்கியது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"மாட்டேம்மா," என்றாள் ஹிசாயோ. "அவர் போகக் கூடாதுன்னுதானே திருப்பினேன்."

தோமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போ, மேஜை விளக்கப் போடு. இருட்டுல கையச் சீவிக்கப் போறான்."