பெரட்டு கலைந்த பிறகு வந்தவர்

என் மேசை இழுப்பறையில் ஒரு பாக்குவெட்டி கிடக்கிறது. எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் இல்லை. பித்தளைப் பிடி கறுத்து, நடு ஆணி ஆட்டம் கண்டு, இரும்பு வாயின் ஓரத்தில் துரு ஏறிய சாமான் அது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, பழைய பொருள் சேர்க்கிறீர்களா டீச்சர் என்று கேட்பார்கள். இல்லை, என் முதல் புத்தகத்தை வெளியிட்ட ஆயுதம் இது என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. ஹட்டன் நகரத்தில் ஒரு புத்தகக் கடையின் மேல்மாடியில், அத்தனை பேர் பார்த்திருக்க, என் மாமியார் அதை இடுப்புப் பையிலிருந்து எடுத்த நிமிடம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மாமியாருக்கு நான் எழுதுவது கொஞ்சமும் பிடிக்காது. தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்த பிறகும் விடிவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டுகிற மனுஷி அவர். அடுப்படிக்கு வந்தால் அங்கேயும் தாளும் பேனாவுமாக நான் உட்கார்ந்திருப்பேன். "பள்ளிக்கூடத்துல எழுதுறது பத்தாதுன்னு இங்கயும் எழுதணுமா? கறி தீயுது பாரு" என்பார். கறி தீய்ந்துதான் போயிருக்கும். அதை நான் ஒப்புக்கொண்டதே கிடையாது. இப்படி நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில், ஒரே கூரையின் கீழ், வருடக் கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே வாழ்ந்தோம். என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார்.

மாமியாரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் தினமும் காலையில் ஆட்களை நிற்க வைத்து வேலை பிரிப்பதைத்தான் பெரட்டு என்கிறோம். முழு நாள் வேலைக்கு முழுப்பேர், பாதி நாளுக்கு அரைப்பேர் விழும். பிந்திப் போனால் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்குப் பேர் விழாது, அதாவது சம்பளம் கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் மழையில் பாதை சரிந்து கிடந்தது என்றாலும் அதே பதில்தான். என் கணவர் கைக்குழந்தையாக இருந்தபோது, பால் கொடுத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஈரப் புல்லில் ஓடியும் ஒருநாள் மாமியார் பிந்திவிட்டார். திரும்பிப் போ என்று சொன்னவரின் கைக்கடிகாரத்தைக்கூட அவர் கடைசிவரை மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் எதற்கும் பிந்தியது இல்லை, கல்யாண வீடாக இருந்தாலும் சாவு வீடாக இருந்தாலும்.

வெளியீட்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. பிரதம விருந்தினராக ஒரு பெரிய மனிதரைக் கடை முதலாளி ஏற்பாடு செய்திருந்தார். பேரைச் சொல்ல மாட்டேன், அன்றைக்கு விழாத பேர் இன்றைக்கு மட்டும் எதற்கு? எங்கள் தோட்டம் வட்டவளைப் பக்கம் மேலே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே போகும் கடைசி பஸ் ஆறு மணிக்கு. லயத்திலிருந்து ஒரு பஸ் நிறையச் சனம் வந்திருந்தது. கொழுந்து மலையில் பார்க்கும் பெண்களை அன்றைக்குப் பட்டுச் சேலையில் பார்த்தேன். மாமியார் கல்யாணத்துக்குக் கட்டும் அரக்குச் சேலையில் வந்திருந்தார். முன்னால் இரண்டு வரிசை நாற்காலிகளில் பிரமுகர்களுக்கு என்று தாள் ஒட்டியிருந்ததால் எங்கள் சனம் பின்னாலும், இடமில்லாதவர்கள் புத்தக அலுமாரிகளின் ஓரமாகவும் நின்றார்கள். பிள்ளைகள் படப் புத்தகங்களைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

மூன்று மணி போய் நான்கானது. பிரமுகர் இறம்பொடையில் வேறொரு விழாவில் இருந்தார். "கெளம்பிட்டாராம் டீச்சர், வழியில வர்றாராம்" என்றார் கடை முதலாளி. ஐந்தானது. வாழ்த்துரை சொல்ல வந்தவர்கள் வாழ்த்திக் களைத்துவிட்டார்கள். மறுபடி கேட்டேன். "இப்பதான் சாப்புட்டு எழும்புறாராம்" என்றார். அப்படியானால் முதலில் கிளம்பியது யார் என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் அவர் மாலையைத் தூக்கிக்கொண்டு, வரவேற்க வீதிக்கு இறங்கிப் போய்விட்டார்.

மேல்மாடி ஜன்னலில் நின்றால் பஸ் நிலையம் தெரியும். எங்கள் பஸ் வந்து நின்றிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. அந்த மாதம் எங்கள் மலையில் சிறுத்தை இறங்கி இரண்டு நாய்களைத் தூக்கியிருந்தது. மழையில் அந்தப் பாதைக்கு ஓட்டோக்காரர்களும் வர மாட்டார்கள். பஸ்ஸை விட்டால் இத்தனை பெண்களும் பிள்ளைகளும் இருட்டில் நடக்க வேண்டும். இல்லையென்றால், இப்போதே எழுந்து, புத்தகத்தைப் பார்க்காமலே போக வேண்டும். யாருக்காக எழுதினேனோ அவர்கள் போன பிறகு யாரோ வந்து வெளியிடுவதற்குப் பெயர் வெளியீடா? எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று கேட்டால், கோபம்தான்.

மாமியார் ஜன்னலோரமிருந்து நகர்ந்தார். என் கணவர், "அம்மா, சும்மா ஒக்காருங்க" என்று முந்தானையைப் பிடித்தார். அவர் கையைத் தட்டிவிட்டு, நடுவழியாக நடந்து, தாள் ஒட்டிய நாற்காலிகளைத் தாண்டி, நேரே மைக் முன்னால் வந்து நின்றார். வாழ்நாளில் அவர் மைக்கைத் தொட்டது அதுதான் முதல் தடவை. குரல் மட்டும் மலையில் அடுத்த தேயிலை நிரைக்குக் கூப்பிடும் அதே குரல்.

"கும்புடுறேங்க. நாங்க மேல தோட்டத்துக்காரங்க. எங்களுக்கு ஆறு மணிக்குக் கடைசி பஸ்ஸு. வர்றேன்னு சொன்ன ஐயா இன்னும் வரல. நாங்க பெரட்டுக்குப் பிந்துனா எங்களத் திருப்பி அனுப்பிருவாங்க. நாங்க அவரத் திருப்பி அனுப்பலங்க. வந்தா ஒக்கார வச்சு டீ குடுங்க. ஆனா பேரு கெடையாது. இது எம் மருமக எழுதுன பொஸ்தகம். நான் வஞ்சுகிட்டே இருந்தேன், அவ எழுதிகிட்டே இருந்தா. இத நாங்க வெளியிட்டுட்டுப் போறோம்."

அறிவிப்பாளர் தம்பி பதறிப்போய், "அம்மா, நிகழ்ச்சி நிரல்ல அப்புடி இல்லைங்க" என்றார். "நிரல்ல பஸ்ஸு இருக்கா தம்பி?" என்று கேட்டார் மாமியார். தட்டில் தங்கத் தாள் சுற்றி, ரிப்பன் கட்டிய புத்தகக் கட்டு இருந்தது. கத்தரிக்கோல் கடை முதலாளியின் சட்டைப் பையில், வீதியில் நின்றது. மாமியார் ஒரு கணம் தட்டைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப் பையை இழுத்து, பாக்குவெட்டியை எடுத்து, ரிப்பனைக் கொட்டைப் பாக்கு மாதிரி அதன் வாயில் வைத்து நறுக்கினார். பின்வரிசையிலிருந்து எழுந்த கைதட்டலில் அலுமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. புத்தகத்தை உயர்த்திக் காட்டிவிட்டு அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. வெளியிட்டவரும் அவரே, முதற்பிரதி பெற்றவரும் அவரே. அதை மழைக்குப் பத்திரமாக ரவிக்கையோடு சேர்த்துச் செருகிக்கொண்டு, "வாங்க, போவோம்" என்றார். என்னையும் சேர்த்துத்தான் சொன்னார். நானும் மேடையிலிருந்து இறங்கினேன்.

அந்தக் கடையின் படிக்கட்டு ஒரு ஆள் போகும் அகலம்தான். நாங்கள் இறங்கும்போது கீழேயிருந்து பிரமுகர் ஏறி வந்தார். பின்னால் குடை, அதற்குப் பின்னால் மாலையோடு கடை முதலாளி. வேறு நாளாக இருந்தால் எங்கள் சனம் சுவரோடு ஒட்டி வழி விட்டிருக்கும். அப்படித்தானே பழக்கியிருக்கிறார்கள். மாமியார் நிற்கவில்லை. பிரமுகர்தான் ஒவ்வொரு படியாகப் பின்வாங்கி வீதிவரைக்கும் இறங்க வேண்டியதாயிற்று. "நல்லாயிருங்க தம்பி. பெரட்டு கலஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழைக்குள் ஓடினார்.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வெற்றிலை மடித்தார். வெகு நேரம் கழித்து, "அதுல என்னயப் பத்தி எழுதிருக்கியா?" என்று கேட்டார். இல்லை அத்தை என்றேன். கொஞ்சம் ஏமாந்தது மாதிரி இருந்தது அவர் முகம். "அப்ப அடுத்ததுல எழுது. நல்லவள்னு பொய்யா எழுதிப்புடாத" என்றார்.

அடுத்த வாரம் பத்திரிகையில் படம் வந்தது. வேறொரு பிரதியில் ரிப்பன் கட்டி, பிரமுகர் அதை வெளியிடுவதாகவும், கடை முதலாளி பெற்றுக்கொள்வதாகவும் போட்டிருந்தார்கள். எழுதியவள் படத்தில் இல்லை. நான் வீட்டில் குதித்தேன். மாமியார் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாவம், பிந்தி வந்தவருக்கு அரைப்பேராவது போடட்டும் விடு. முழுப்பேரு என் பொட்டியில இருக்கு" என்றார். அவருடைய தகரப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில், அந்தப் பிரதி கடைசிவரை இருந்தது. போன வருடம் அவர் போன பிறகு நான் திறந்தேன். அட்டையில் மழை பட்ட கறை இருந்தது. பக்கத்தில் பாக்குவெட்டி இருந்தது. வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை, எடுத்து வைத்துக்கொண்டேன்.

இப்போது இரண்டாவது புத்தகம் வருகிறது. முழுக்க அவரைப் பற்றித்தான். நல்லவர் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. சண்டைக்காரி என்று எழுதியிருக்கிறேன், பிடிவாதக்காரி என்று எழுதியிருக்கிறேன், அவர் இல்லாமல் அடுப்படி எனக்குப் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். அதே கடை, அதே மேல்மாடி. நேற்று முதலாளி போனில் பேசினார்.

"பிரதம விருந்தினர்னு யாரப் போடுறது டீச்சர்?"

"பஸ்ல வர்றவங்க எல்லாரையும் போடுங்க. முன்வரிசையும் அவங்களுக்குத்தான்."

சரி, போடுறேன் என்றார். பிறகு மெதுவாக, "அப்ப கத்தரிக்கோல் நான் கொண்டாரவா?" என்று கேட்டார்.

"வேணாம். எங்கிட்ட இருக்கு" என்றேன். இழுப்பறையைத் திறந்து, ஆணியை இறுக்கி, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். தையல் பெட்டியிலிருந்து ஒரு துண்டு ரிப்பனை எடுத்து, வாயில் வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒரே வெட்டு.