பதினாலு மணித்தியாலம் கதிரையில் பறந்த அம்மா

நேற்றுக் காலை ஆறு மணிக்கு எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் ஹோலிலிருந்து அம்மா ரொறன்ரோவுக்குப் புறப்பட்டார்!

(பிளேன் இல்லை. சாப்பாட்டு மேசைக் கதிரை.)

விஷயம் இதுதான். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்கு எட்டு வருடத்துக்குப் பிறகு குழந்தை கிடைக்கப்போகிறது. இதற்கு முன் இரண்டு தடவை கைகூடவில்லை. இந்த முறை அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

அம்மாவுக்கோ முழங்கால் வருத்தம். விமானத்தில் ஏறியதே இல்லை.

"எவ்வளவு தூரம் தம்பி?"

"பதினாலாயிரம் கிலோமீற்றர் வரும் அம்மா. துபாய்க்கு நாலரை மணித்தியாலம். அங்கயிருந்து இன்னொரு பதினாலு."

"பதினாலு மணித்தியாலம் ஒரே இருப்போ? நடுவழியில கால் ஏலாமப் போனா இறங்கவும் ஏலாதே!"

அக்காவும் போனில், "ஏலாட்டிப் பரவாயில்லை அம்மா, நான் சமாளிப்பன்" என்று சொல்லிவிட்டாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள்தான் இந்தக் கதிரை.

"இருந்து பாப்பம். இருக்க ஏலுமெண்டா போறன். ஏலாதெண்டா அவளுக்கு உண்மையைச் சொல்லுவன்."

அப்பா உடனே விமானப் பணியாளர் ஆகிவிட்டார்! ஏழு மணிக்கு ட்ரேயில் தேத்தண்ணீர். பன்னிரண்டுக்குச் சோறு. கடற்கரைப் பக்கம் ரயில் போய் யன்னல் அதிரும்போதெல்லாம், "பிளேன் குலுங்குது, பெல்ட்டைப் போடும்!" என்று அறிவிப்பு வேறு.

பத்து மணிபோல் பக்கத்து வீட்டு ரீட்டா அன்ரி கதவைத் தட்டி அம்மாவைக் கேட்டார்.

"அவ இப்ப அரபிக்கடலுக்கு மேல" என்றார் அப்பா. (அன்ரி திரும்பிப் போய்விட்டார்.)

மூன்று மணிக்குச் சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. முழங்கால் வீங்கி, அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"இஞ்சரும், இருந்தது காணும். எழும்பும்" என்றார் அப்பா, மெதுவாக.

"பிளேன்ல எழும்பி வீட்ட வர ஏலுமே?"

"வீட்ட வர ஏலாது. ஆனா நடக்கலாம் அம்மா" என்றேன் நான். "பிளேன்லயும் எழும்பி நடக்க விடுவினம்."

"இதைக் காலமையே சொல்லியிருக்கலாமே!"

நியாயமான கேள்வி.

அதன் பிறகு மணிக்கு ஒரு தடவை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குசினி அடுப்பு வரைக்கும் போய் வந்தார். வலி போகவில்லை, ஆனால் தாங்கக்கூடியதாக இருந்தது.

இரவு எட்டு மணிக்கு அக்காவுக்கு வீடியோ கோல் எடுத்தோம். அங்கே காலை.

"என்னம்மா, கதிரையில காலை நீட்டிக்கொண்டு இருக்கிறீங்கள்?"

"பதினாலு மணித்தியாலம் இருந்து பாத்திட்டன் பிள்ளை. டிக்கெட்டைப் போடு."

அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

இன்று காலை டிக்கெட் வந்துவிட்டது. நடைபாதையோரச் சீட்!

நீண்ட தூரம் பறந்த நண்பர்களே, முழங்கால் வருத்தக்காரருக்கு என்ன சொல்வீர்கள்? கொமெண்டில் எழுதுங்கள், அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

டிக்கெட்டைப் பார்த்த அம்மாவின் முதல் கேள்வி:

"திரும்பி வரவும் இவ்வளவு நேரமோ?"

"கொஞ்சம் குறைவு அம்மா."

"அப்ப அதுக்குத் தனியாப் பழகத் தேவையில்லை."

அப்பா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது ரீட்டா அன்ரி வீடு வரைக்கும் கேட்டிருக்கும்!